சம்மதக் கடதாசி

சுபைறா மறுபடி கலியாணம் முடித்த செய்தி காலிதீனுக்கு வயலில் வைத்துக் கிடைத்தது. கேட்டுவிட்டு உழவு மெசினைத் திருப்பி, மிச்சமிருந்த வயலையும் உழுது முடித்த பிறகுதான் கரையேறினான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தான். விலகிப்போன பெண்சாதி யாரையாவது முடிக்கத்தானே வேண்டும். மஜீட் கட்டாரில் ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பர், நல்ல மனுசன் என்று சொன்னவர்களிடம் "நல்லம்" என்று சொல்லியும் வைத்தான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவனுடைய மகள் றாஹிலா புதுச் சப்பாத்தோடு வந்தாள்.

"ஆரு வாங்கித் தந்த?"

"மஜீட் சாச்சா."

சிவப்புத் தோல் சப்பாத்து. காலிதீன் குந்தியிருந்து பெருவிரல் இருக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. அவன் பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போதெல்லாம் ஒன்றில் பெரிதாகிவிடும், இல்லையென்றால் கடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறவனுக்குப் பிள்ளையின் காலளவு தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் எரிச்சல் அவனுடைய நெஞ்சுக்குள் மூண்டது.

அவர்கள் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேல். நிந்தவூரில் வீடு பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். பிரிந்தால் வெளியேறுவது ஆண்தான். காலிதீன் ஒரு தகரப் பெட்டியோடு வெளியேறி, மெசின் நிறுத்தும் கொட்டிலுக்குப் பின்னால் ஓர் அறை போட்டுக்கொண்டு இருந்தான். பிரிவுக்குக் காரணம் ஊர் அறிந்தது. அவனுக்குச் சந்தேகம். காப்பு விற்கிறவன் வந்தால் சந்தேகம், மீன்காரன் வாசலில் கொஞ்சம் சுணங்கினால் சந்தேகம். சுபைறா சிரித்த முகம் உள்ளவள். யாரோடு கதைத்தாலும் சிரிப்பு வந்துவிடும். ஒருநாள் அவளுடைய சாச்சியின் மகனைச் சேர்த்து அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. காதியாரிடம் போய் விலகிக்கொண்டாள்.

பிள்ளை தாயோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சுபைறாவின் தம்பி முகைதீன்பாவா அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து காலிதீனிடம் விடுவான். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கூட்டிப்போவான். அதுவரைக்கும் காலிதீன் மகளை மெசினில் ஏற்றிச் சுற்றுவான், ஐஸ்பழம் வாங்கிக் கொடுப்பான். சப்பாத்து வந்த நாளிலிருந்து கேள்வியும் கேட்கத் தொடங்கினான்.

"சாச்சா என்ன சொல்லிக் கதைப்பார்?"

"தெரியா."

"உம்மா சிரிப்பாவா?"

"ம்."

"எப்பிடிச் சிரிப்பா? வாயப் பொத்திக்கிட்டா, சத்தமாவா?"

றாஹிலா ஐஸ்பழத்தைச் சூப்புவதை நிறுத்திவிட்டு அவனுடைய முகத்தைப் பார்ப்பாள். ஐந்து வயது கழிந்த பிள்ளை. எந்தப் பதிலுக்கு வாப்பாவின் முகம் இருளுகிறது, எதற்கு வெளிக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டாள். ஒருநாள், "சாச்சா கறிச்சட்டிய ஒடச்சிப் போட்டார். உம்மா ஏசின" என்றாள். காலிதீன் கொட்டில் அதிரச் சிரித்தான். அன்று இரண்டாவது ஐஸ்பழமும் கிடைத்தது.

மஜீட் மறுபடி லீவில் வந்தது எண்பத்திரண்டாம் ஆண்டு, பெரும்போக உழவு தொடங்கிய காலம். அந்த வெள்ளிக்கிழமை காலிதீன் மகளை மெசினில் தூக்கி வைக்கப் புயத்தில் பிடித்தான். அவள் அலறிவிட்டாள். சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தால் தோளுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தது.

"என்ன இது?"

"ஊசி போட்ட."

"என்ன வருத்தத்துக்கு?"

"வருத்தமில்ல. பிளேன்ல போறதுக்கு. மஞ்சள் பொத்தகம் ஒண்டு தந்த. நான் அழல்ல. சாச்சா என்ட கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தார்."

பிள்ளையைக் கடல் கடந்து கொண்டுபோகப் போகிறார்கள் என்பது காலிதீனுக்குப் பிறகுதான் விளங்கியது. முதலில் சுட்டது அந்தக் கைதான். ஊசி குத்தும்போது பிடித்துக்கொண்ட கை.

இரண்டு நாளில் அப்துல் கபூர் வயலுக்கே வந்துவிட்டார். கல்முனையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறவர். கமக்கட்டில் தோல் பையை இடுக்கிக்கொண்டு, சேறு படாமல் வரம்பில் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். காலிதீன் மெசினின் இரும்புச் சில்லைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒங்கட புள்ளட விசயமா வந்தன். தாய்ர பாஸ்போட்டில புள்ளட பேரச் சேக்கணும். அதுக்கு வாப்பாட சம்மதம் வேணும். சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சி, சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வெக்கணும். கட்டார்லயும் அத அரபில மாத்திக் கேக்கிறாங்க. கூட்டிட்டுப் போறவர் சொந்த வாப்பா இல்லத்தானே."

"சொந்த வாப்பா நான்."

"அதாலதான் ஒங்கக்கிட்ட வந்த."

"அப்ப, வெக்கமாட்டானாம் எண்டு போய்ச் சொல்லுங்க."

அப்துல் கபூர் கோபப்படவில்லை. இப்படி எத்தனையோ தகப்பன்மாரைப் பார்த்தவர்.

"நல்லா யோசிங்க. நீங்க வெக்காட்டியும் வேற வழி இரிக்கி. எழுபத்தெட்டுச் சூறாவளில எத்தின பேர்ர பிறப்புப் பத்திரம் அள்ளுப்பட்டுப் போன? எல்லாரும் புதுசாத்தானே எடுத்தாங்க. புது பத்திரத்தில வாப்பாட பேரு மஜீட் எண்டு வந்தா, மறுகா ஆருட கையெழுத்தும் தேவல்ல. கொழும்பில அதுக்கெல்லாம் ஆக்கள் இரிக்காங்க."

காலிதீன் நட்டு இறுக்கிய சாவி சேற்றில் விழுந்தது. குனிந்து தேடினான், அகப்படவில்லை. நிமிர்ந்தபோது அப்துல் கபூர் வந்த வரம்பால் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சூறாவளி நாளில் கூரை பறந்த வீட்டுக்குள், நெல் மூட்டைகளுக்கு இடையில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தவன் அவன். பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனதும் அவன்தான். அந்த இடத்தில் மஜீட் என்று எழுதுவார்களாம்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனான். கிறகரி ஐயா முன்பு தபால் கந்தோரில் இருந்தவர்; இப்போது சமாதான நீதவான். முன்னறையில் மேசையும் தட்டெழுத்து மெசினும் வைத்துக்கொண்டு, கடதாசி முடிக்க வருகிறவர்களைப் பார்ப்பார். காலிதீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ சம்மதிக்காம பிள்ளைட பேர் தாய்ர பாஸ்போட்டில ஏறாது, தம்பி" என்றார் கிறகரி.

"அந்த மத்த வழி? பேர மாத்துறது?"

"அது கள்ளப் பத்திரம். பிடிபட்டா மறியல், ஜெயிலுக்குத்தான் போகணும்."

"மஜீட்டுக்கும் மறியலா ஐயா?"

"ஆரு செய்தாலும் மறியல்தான். ஏன், அவரு செய்யப் போறாரோ?"

காலிதீன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பஸ்ஸில் அவன் கண்ணுக்குள் மஜீட் மறியலில் இருந்தான். சப்பாத்து இல்லாமல், வெறுங்காலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு காலிதீனுக்குப் பசித்தது. சந்தியில் இறங்கி, கடையில் வயிறார ரொட்டி தின்றுவிட்டு, நேரே சுபைறாவின் வீட்டுக்கு நடந்தான்.

கேற்றடியில் முகைதீன்பாவா நின்றான். காலிதீனின் நடையைப் பார்த்து வழியை மறித்தான்.

"மச்சான், சண்டைக்கெண்டா திரும்பிப் போங்க."

"சண்டையில்ல. ஒண்ட ராத்தாக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லணும்."

சுபைறா உள்ளே கேட்டிருக்க வேண்டும். கதவுப் பலகைக்குப் பின்னால் வந்து நின்றாள். முக்காட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. பிரிந்த பிறகு அவளுடைய குரலை அவன் கேட்பது அன்றுதான்.

"சொல்லுங்க."

"பிறப்புப் பத்திரத்தில பேர மாத்தினா மறியல். கிறகரி ஐயாக்கிட்டக் கேட்டுட்டுத்தான் வாறன். ஒண்ட மாப்பிளக்கிட்டச் சொல்லி வெய்."

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அத அவர் நேத்தே வேணாமெண்டுட்டார். கபூர் இஞ்ச வந்து சொல்லக்குள்ளயே எழும்பிட்டார். வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள புள்ளைக்கு என்ட பேர வெக்கிறது ஹராம் எண்டு சொன்னார். அந்த மனுசன் மனசு வெச்சித் தந்தாக் கூட்டிட்டுப் போவம், இல்லாட்டி இல்ல எண்டார். கபூர்ட கையில குடுத்திருந்த கடதாசியெல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டார்."

காலிதீன் அப்படியே நின்றான். வரும் வழியெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்த சந்தோசம் அவிழ்ந்து கொட்டிப்போயிற்று. அந்த மனிதன் ஆம் என்று சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் பொலிசுக்குப் போயிருக்கலாம். பள்ளிவாசலில் வைத்துக் கேட்டிருக்கலாம். ஊர் முழுக்க இவனுடைய பக்கம் நின்றிருக்கும். கெட்டவன்மேல் எரிச்சல் பட்டால் அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் உண்டு. நல்லவன்மேல் படுகிற எரிச்சல் பட்டவனுடைய வயிற்றுக்குள்ளேயே கிடந்து எரிய வேண்டியதுதான்.

"ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று சுபைறா கேட்டாள். "புள்ளய ஒங்களோட வெச்சிருக்கப் போறீங்களா? அப்பிடியெண்டாச் சொல்லுங்க."

தாய் வேறு கலியாணம் முடித்ததால் காதியாரிடம் போனால் பிள்ளை உனக்குத்தான் என்று பள்ளியில் இரண்டொருவர் அவனிடம் சொல்லியும் இருந்தார்கள். கொண்டுவந்து எங்கே வைப்பது? எண்ணெய்ப் பீப்பாவும் ஒற்றைப் பாயும் கிடக்கும் அந்த அறையிலா? விடியுமுன்னே வயலுக்குப் போகிறவன் யாரிடம் விட்டுவிட்டுப் போவான்?

"இல்ல" என்றான்.

"அப்ப?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. உன்னுடைய சிரிப்பை இன்னொருவன் கேட்கக்கூடாது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் திரும்பி நடந்தான்.

நாலைந்து நாள் கழித்து மஜீட் வயலுக்கு வந்தான். காலிதீன் அவனைக் கிட்டத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை. உயரமான, அத்தர் மணக்கிற, தங்க மணிக்கூடு கட்டிய ஓர் ஆளைத்தான் இவ்வளவு காலமும் மனதில் வைத்துக் கறுவியிருந்தான். வந்தவன் குள்ளம். கண்ணாடி போட்டிருந்தான். சாறனை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்து வந்தான். இவனிடம் அவள் எதைக் கண்டாள் என்று நினைக்க, எரிச்சல் முன்னிலும் கூடியது.

"காக்கா, லீவு முடியிது. நான் தனியப் போறன்" என்றான் மஜீட். "சுபைறா புள்ளயோட இஞ்சதான் இருப்பா. புள்ளய விட்டுட்டு வரமாட்டன் எண்டுட்டா. அது நியாயம்தான். ஒங்களக் குறை சொல்ல வரல்ல. ஒங்கட பேர அழிக்கப் பாத்தவன் எண்டு நீங்க என்ன நெனச்சிருக்கக்கூடா. அத நேர சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

காலிதீன் "ஓம்" என்றான். வாடிக் குடிலுக்குள் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடியுங்கள் என்று சொல்லவில்லை. மஜீட் எதையும் கேட்கவும் இல்லை. சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் காலிதீனுக்கு உடம்பெல்லாம் இலேசானது. அவன் போகப்போகிறான். அவள் இங்கே இருப்பாள். தனக்குக் கிடைக்காதவள் அவனுக்கும் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க பக்கத்து வயற்காரர்களோடு பகிடி விட்டுக் கதைத்தான். மீசையைக் கத்தரித்துக்கொண்டான். தன்னைப் பார்க்கத் தனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தபோதிலும் அந்தச் சந்தோசம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை றாஹிலா வந்தாள். முகம் வாடியிருந்தது.

"உம்மா அழுற" என்றாள்.

"ஏன்?"

"சாச்சா போகப்போறார். தனிய."

வேறு ஒரு தகப்பன் அந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கியிருப்பான். காலிதீன் குந்தியிருந்து அவளுடைய கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"சாச்சா உம்மாக்கு ஏசினாரா? என்ன செஞ்சார்?"

பிள்ளை அவனுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அதில் எதையோ தேடினாள். பிறகு சொன்னாள்.

"சாச்சா எனக்கு அடிச்ச."

காலிதீன் எழும்பினான். வேறொன்றும் கேட்கவில்லை. மெசினை ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கம்பியை எடுத்துச் சைக்கிள் கெரியரில் செருகினான். பிள்ளையை முன்பாரில் தூக்கி வைத்துக்கொண்டு மிதித்தான். நெருப்பில் நெய் விட்டதுபோல் இருந்தது. கடைசியில் அகப்பட்டுவிட்டான். நல்ல மனுசனாம். ஹராமாம். பிள்ளையில் கை வைத்திருக்கிறான். இனி ஊரில் யாரும் தன்னைக் குறை சொல்ல ஏலாது.

"எங்க அடிச்ச, மகள்?"

"கையில."

பிரதான வீதியில் ஏறினான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஓரம் கட்டிவிட்டு மறுபடி கேட்டான்.

"எதால அடிச்ச?"

"ஈர்க்கிலால."

"எத்தின அடி?"

"முதுகில. பெல்ட்டால."

காலிதீனின் கால் மிதிப்பதை விட்டது. சைக்கிள் தானாக உருண்டு வாய்க்கால் பாலத்தடியில் நின்றது. பிள்ளையை இறக்கிப் பாலக்கட்டில் இருத்தினான். கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கி முதுகைப் பார்த்தான். ஊசி போட்ட வடு மட்டும்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"மகள். சாச்சா அடிச்சாரா?"

றாஹிலாவின் உதடு கோணியது.

"அடிக்கல்ல."

"அப்ப ஏன் சொன்ன?"

"நீங்க சந்தோசப்படுவீங்க எண்டு."

சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். அழுதபடியே அவனுடைய முகத்தைப் பார்த்தாள். ஓரக்கண்ணால், இமைக்காமல், என்ன வரப்போகிறது என்று அளந்து பார்க்கிற பார்வை. காலிதீனுக்கு அந்தப் பார்வையைத் தெரியும். அது அவனுடையது. சந்தையால் வந்த சுபைறாவை, கிணற்றடியில் நின்ற சுபைறாவை, நித்திரையில் கிடந்த சுபைறாவைக்கூட அவன் பார்த்த பார்வை அது. இந்தப் பிள்ளை அதை அவனிடம் வெள்ளிக்கிழமைகளில் படித்திருக்கிறாள். இவ்வளவு காலமும் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து அவளுக்குப் படிப்பித்தது அதைத்தான்.

வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. அவன் இரண்டு கையாலும் அள்ளி மகளுடைய முகத்தைக் கழுவிவிட்டான். தன்னுடைய முகத்தையும் கழுவினான்.

"பொய் சொன்னதுக்கு அடிப்பீங்களா?" என்று பிள்ளை கேட்டாள்.

"இல்ல. நான் கேட்டது பிழை. இனிக் கேக்கமாட்டன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுபைறாவின் வீட்டில் நிறுத்தினான். முகைதீன்பாவாவோடு மஜீட்டும் வெளியே வந்தான். கெரியரில் இருந்த இரும்புக் கம்பியை மஜீட் கண்டான். கண்டதைக் காலிதீனும் கண்டான்.

"நாளைக்கிக் கல்முனைக்குப் போவம்" என்று காலிதீன் முகைதீன்பாவாவைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ட ராத்தாட பாஸ்போட் படத்தயும் கொண்டு வா."

எரிச்சல் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் கிறகரி ஐயாவின் முன்னறையில் மஜீட்டுக்குப் பக்கத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருக்க வேண்டி வந்தபோது, அவனுடைய சவுக்கார வாசமே காலிதீனுக்குப் பிடிக்கவில்லை. முகைதீன்பாவா கொண்டுவந்த படத்தைக் கிறகரி இவனிடம்தான் முதலில் நீட்டினார்.

"இது உன்ட பிள்ளைதானே? பாத்துச் சொல்லு."

தாயும் மகளும் சேர்ந்து எடுத்த படம். மகளைப் பார்ப்பதற்குப் பக்கத்தில் இருந்த முகத்தையும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பாஸ்போட் படம் என்பதால் சுபைறா சிரிக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னோடு இருந்த கடைசி வருடத்தில் அவளுடைய முகம் இப்படித்தான் இருந்தது என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"ஓம். என்ட புள்ளதான்."

கிறகரி தட்டெழுதி முடித்து, எடுத்து வாசித்தார். "மேற்படி பிள்ளையாகிய றாஹிலாவின் சட்டப்படியான தந்தையாகிய நான்..."

"ஐயா, அந்த இடத்த இன்னொருக்கா வாசிங்க."

கிறகரி வாசித்தார். மஜீட் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"...எனது பூரண விருப்பத்துடன், அவர் தனது தாயாருடன் கட்டார் நாட்டுக்குச் செல்வதற்குச் சம்மதிக்கின்றேன்."

"விருப்பம் எண்டதை வெட்டுங்க" என்றான் காலிதீன்.

"என்ன தம்பி?"

"விருப்பமில்ல ஐயா. சம்மதம். சம்மதம் மட்டும் இரிக்கட்டும்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்ல."

கிறகரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அதற்குப் பிறகு மஜீட்டைப் பார்த்தார். மஜீட் மெல்ல, "அவர் சொல்றபடி எழுதுங்க ஐயா. அதுதானே உண்மை" என்றான். கிறகரி புதுத் தாள் ஒன்றை மெசினில் ஏற்றி, மறுபடி முதலிலிருந்து தட்டெழுதினார். காலிதீன் தமிழில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

மஜீட் முதலில் போனான். கடதாசிகள் கொழும்புக்குப் போய், பாஸ்போட்டில் பிள்ளையின் பெயர் ஏறி, அரபு மொழிபெயர்ப்பு கட்டாருக்குப் போய், அங்கிருந்து விசா வந்து சேர, விதைத்த பயிர் கதிர் பொதியும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைகளில் காலிதீன் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தான். சில நாள் இரண்டு பேரும் கதைக்க ஒன்றுமில்லாமல் மெசினில் சும்மா இருந்தார்கள். கேள்வியைத் தவிரப் பிள்ளையோடு கதைக்கத் தனக்கு வேறொன்றும் தெரியாமல் போயிருந்ததை அவன் அப்போதுதான் கண்டான். பிறகு அவளே கொக்கைக் காட்டினாள், நண்டுப் பொந்தைக் காட்டினாள். அவன் அவற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

பயணம் புறப்பட்டபோது முகைதீன்பாவா அவனையும் வரச் சொன்னான். "தகப்பன் கிட்ட நிண்டா நல்லம் எண்டு கிறகரி ஐயா சொன்ன, மச்சான். கடதாசி இருந்தாலும் சில நேரம் கேப்பாங்களாம்." கொழும்பு பஸ்ஸில் சுபைறாவும் பிள்ளையும் முன் ஆசனத்தில், அவனும் முகைதீன்பாவாவும் பின்னால். வழிநெடுக அவன் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அவளும் திரும்பவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கிறகரி சொன்னது நடந்தது. உள்ளே போன சுபைறாவும் பிள்ளையும் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஒரு சிப்பாய் வெளியே வந்து, "றாஹிலாட தாத்தா யார்?" என்று கூப்பிட்டான். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். காலிதீன் முன்னால் போனான்.

மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் சிங்களவர். தட்டித்தடவித் தமிழ் கதைத்தார். அவருக்கு முன்னால் பாஸ்போட்டும் விசாத் தாளும் சம்மதக் கடதாசியும் கிடந்தன.

"இந்தப் பிள்ளைக்கு அப்பா நீங்க?"

"ஓம்."

"விசா எடுத்தது மஜீட். அப்ப மஜீட் யாரு?"

சுபைறா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய கை பிள்ளையின் தோளை இறுகப் பிடித்திருந்தது. றாஹிலா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

காலிதீன் இப்போது ஒரு சொல் குழப்பிச் சொன்னால் போதும். கடதாசி எனக்கு விளங்கவில்லை, ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் போதும். அவர்களும் அவனோடு கல்முனை பஸ்ஸில் திரும்பி வருவார்கள். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் மஜீட் யார் என்பதற்கு உண்மையாகவே அவனிடம் பதில் இல்லை. காக்காவுமில்லை, தம்பியுமில்லை. மச்சானும் இல்லை. அந்த முறைக்கு ஒரு பெயரை யாரும் வைத்திருக்கவில்லை.

"என்னப்பா, யாரு அவரு?"

"என்ட புள்ளயப் பாத்துக்கொள்ற ஆள்" என்றான் காலிதீன்.

உத்தியோகத்தர் அவனையும் கடதாசியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நல்ல ஆளா?"

"ஓம். நல்ல ஆள்தான்."

முத்திரை விழுந்தது. சுபைறா அப்போது முதன்முதலாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் அசைத்தாள். றாஹிலா ஓடிவந்து அவனுடைய கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அதற்கு அப்பால் தெரியவில்லை.

திரும்பி வந்த பஸ் கண்டியில் தேத்தண்ணிக்கு நின்றது. காலிதீன் இறங்கவில்லை. முகைதீன்பாவா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து யன்னலால் நீட்டினான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பிளேன் இறங்கியிருக்குமா?"

"இறங்கிற நேரம்தான், மச்சான்."

"அவன் வந்து நிப்பானா?"

"ஆரு, மஜீட் மச்சானா? நிக்காம?"

அந்த "மச்சான்" காலிதீனுக்குக் குத்தியது. இவ்வளவு காலமும் அது தனக்கு மட்டும் உரிய சொல். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். விமானம் நின்ற இடத்திலிருந்து பிள்ளை ஓடுவதும், அந்தக் குள்ள மனிதன் குனிந்து அவளைத் தூக்குவதும் கண்ணில் தெரிந்தது. நெஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டே இன்னொன்றும் தோன்றியது. அங்கே பாஷை தெரியாது. கூட்டம் நிறைய இருக்கும். பசியோடு இறங்கும் பிள்ளை.

"வேலைக்குப் போய்ச் சுணங்கிறமாட்டானே?" என்று கேட்டான். "அந்த ஊரில பஸ் நேரத்துக்கு ஓடுமா?"

"கம்பனிக் கார் கேட்டு வெச்சிருக்காராம்."

"ஆ" என்றான் காலிதீன். பிறகும் ஆறவில்லை. "ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து நிண்டா நல்லம்" என்றான்.

முகைதீன்பாவா கோப்பையை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினான். கொண்டக்டர் மணி அடித்தான்.